தலைப்புப் பக்கம்

மூன்று மணிக்கு வருகிறேன் என்றாள் மெசெரெத்.
சாப்பாட்டுக்குக்கூட எழாமல் கடையில் கிடந்தேன்.
அவளோ காலை ஒன்பதுக்கே வந்து
பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள்.
அவர்கள் ஊரில் விடிந்த பிறகுதான்
மணி எண்ணத் தொடங்குவார்களாம்;
நம் ஏழு அவர்களுக்கு ஒன்று.
நாழிகைக் கணக்கை நாங்கள் தொலைத்துவிட்டோம்,
நீங்கள் தொலைக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

காரைக்குடி கல்லூரிச் சாலையில் என் கடை:
ஜெராக்ஸ், ஸ்பைரல், ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து.
அடிஸ் அபாபா பற்றி அவளது ஆய்வேடு,
இருநூற்றெண்பது பக்கம், ஐந்து பிரதி.
இயந்திரம் துப்பத் துப்ப
அடுக்குகிற சாக்கில் படித்தேன்.

பழைய அரசர்களின் தலைநகரம் வெறும் கூடாரம்.
விறகு தீர்ந்தால் சுருட்டிக்கொண்டு
அடுத்த மலைக்குப் போய்விடும்.
வெந்நீர் ஊற்றருகே ஓர் அரசி வீடு கேட்டாள்,
'புதுப்பூ' என்று பெயர் வைத்தாள்.
அங்கும் விறகு தீர்ந்தது.
நகரம் மறுபடி எழுந்து நடக்க இருந்தபோது
கடல் தாண்டி வந்த ஒரு மரம்
கிடுகிடுவென வளர்ந்து அதை உட்காரவைத்தது.
படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.
தைலமரம்!
புதுக்கோட்டை எல்லைவரை காடுகாடாய் நிற்கிறதே,
கண்மாயைக் குடித்துவிட்டதென்று
போன மாதம்கூட மறியல்.
நோட்டீஸ் அடித்தது நான்தான்.

இத்தாலிக்காரன் ஐந்து வருஷம் இருந்திருக்கிறான்.
ஒரு பிப்ரவரியில் மூன்று நாள்
தெருத்தெருவாகக் கொன்றிருக்கிறான்.
அந்தப் பக்கம் வரும்போது டோனர் தீர்ந்து
எழுத்து வெளிறி வந்தது.
புது டோனர் போட்டு
அதை மட்டும் மறுபடி எடுத்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

பிறகு அறுபத்து மூன்று, மே மாதம்.
முப்பத்திரண்டு நாடுகள் ஒரே மண்டபத்தில் கையெழுத்து.
பாதிக்கு மேல் இன்னும் பல் முளைக்காத நாடுகள்.
ஏன் உங்கள் ஊரில், என்று கேட்டேன்.
"வந்தவன் நிலைக்காத ஊர். அது ஒரு காரணம்."
கொஞ்சம் பொறுத்து,
"கண்டத்துச் சண்டையெல்லாம் இன்றும் அங்கேதான் பேசுகிறார்கள்.
எங்கள் சண்டையை எங்கே பேசுவதென்றுதான் தெரியவில்லை."

அவள் சண்டை தலைப்பிலேயே இருந்தது.
அடிஸ் அபாபா, சாய்கோடு, ஃபின்ஃபினே.
அப்பா நகராட்சிக் குமாஸ்தா, அவருக்கு முதல் பெயர்.
அம்மாவின் ஆட்களுக்கு
பூவுக்கு முந்திய ஊற்றின் பெயர்.
நகரம் ஒரு முழம் விரிந்தால்
மாமன்மார் வயல் ஒரு முழம் போகும்.
நெறியாளர் சிவப்பு மையால்
இரண்டாவதை அடித்திருந்தார்: ஒரு பெயர் போதும்.

"செட்டிநாட்டுக்கு எது தலைநகர்?" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
நாடு என்று பெயர், அரண்மனைகூட உண்டு,
தலைநகர் மட்டும் இல்லை.
இந்தப் பெரிய வீடுகளெல்லாம்
ரங்கூன், கொழும்பு, சைகோன் என்று
அடுத்தவர் தலைநகரங்களில் சம்பாதித்து எழுந்தவை.
அங்கே கொடி மாறியதும்
இங்கே ஒவ்வொரு கதவாய்த் தாழ்ப்பாள் விழுந்தது.
அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.
எதற்கென்று கேட்கவில்லை.

நாலு பிரதிக்கு ஒரே பெயர், நெறியாளர் சொன்னபடி.
ஐந்தாவது அவளுக்கு.
ஃபின்ஃபினேக்கு ஆங்கிலத்தில் மூன்று 'என்' வேண்டும்,
என் அச்சுப்பெட்டியில் இரண்டுதான்.
ஒரு 'இசட்'டைப் படுக்கவைத்தேன்.
கொஞ்சம் அகலம், கொஞ்சம் சாய்வு.
தங்கத்தாள் வைத்து அழுத்தினால் யாருக்குத் தெரியும்?

மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.
ஒன்பதுக்கே ஷட்டரைத் தூக்கிவைத்தேன்.
அவள் எங்கள் கணக்குக்கு மாறி
மத்தியானம் வந்தாள்.
அட்டையைத் தடவிப் பார்த்த விரல்
அந்த 'இசட்'டில் போய் நின்றது.